சேந்தனுக்கு வந்த சீன முத்திரை

ஆழித்துறை என்றொரு சிறு துறைமுகம். அதன் தலைவன் சேந்தன். சில படகுகளும் ஒரு சுங்கச்சாவடியும் வைத்திருந்தவன் தன்னை அரசன் என்று அழைக்கச் சொன்னான்; அழைக்கவும் ஆள் இருந்தது. அவனுக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். தீர்ப்பை உங்களிடம் கேட்பேன்.

சேந்தன் தன் மனைவியின் அண்ணன் கீரனிடம் முத்தும் மிளகும் கொடுத்துச் சீனப் பேரரசரிடம் தூது அனுப்பினான். கீரன் கட்டைவிரல் அளவு வெண்கல முத்திரை ஒன்றோடு திரும்பினான். அங்கே அரசர்களுக்குப் பொன் முத்திரை. வெண்கலம் கீழ்ப்படியில் நிற்பவர்களுக்கு. முத்திரையைக் கொடுத்த அதிகாரி இதையும், அதில் பொறித்திருந்ததன் பொருளையும் கீரனுக்கு விளக்கியே அனுப்பியிருந்தார். ஆனால் சேந்தன் கேட்டபோது, தனக்கு எதுவும் தெரியாது என்றான் கீரன். சேந்தனின் முகம் வாடுவதைக் காண மனமில்லையாம். உண்மையில், தூது போய்வந்தவனுக்கு அன்று மாலை விருந்து இருந்தது.

அடுத்து கூத்தன் என்ற பட்டு வணிகனை வரவழைத்தார்கள். விலை பேசும் அளவுக்குச் சீன மொழி அறிந்தவன், எழுத்து அறியாதவன். முத்திரையில் எழுத்துகளை இடவலம் மாற்றி வெட்டியிருப்பார்கள். களிமண்ணில் அழுத்தினால்தான் நேராகத் தெரியும். கூத்தனுக்கு அதுகூடத் தெரியவில்லை. வெண்கலத்தைக் கண்ணருகே பிடித்துக்கொண்டு, "தென்கடல் முழுமைக்கும் அரசன் என்று எழுதியிருக்கிறது," என்றான். சேந்தன் தன் கழுத்து மாலையைக் கழற்றி அவனுக்கு அணிவித்தான்.

சரிபார்ப்பதற்காக முத்திரை விகாரைக்குப் போனது. அங்கிருந்த துறவி சங்கபாலர் சீனத்தில் தங்கி நூல் கற்றவர். ஈரக் களிமண்ணில் அழுத்தினார், வாசித்தார், விரலால் அழித்தார். விகாரைக்கு நிலம் தருவதாகச் சேந்தன் சொல்லியிருந்த நேரம் அது.

"வணிகர் சொன்னதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை," என்றார். பொய் சொல்லாமல் தப்பிவிட்டதில் அவருக்குப் பெருமை வேறு.

அடுத்த பருவக்காற்றில் சீனக் கப்பல் ஒன்று வந்து நங்கூரமிட்டது. இனிச் சீனர்களும் தனக்குத் திறை செலுத்த வேண்டும் என்று சேந்தன் முடிவு செய்தான். முத்திரை பதித்த களிமண் வில்லையைத் தன் ஒரே மகன் ஆதனிடம் கொடுத்து அனுப்பினான். துறவி அப்போது விகாரையில் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்குச் செய்தி தெரியாது. கூத்தன் கரையில் நின்று வாழ்த்தினான். கீரனும் கரையில் இருந்தான். ஆதன் அவன் காலைத் தொட்டு வணங்கியபோது, "போய் வா மருமகனே," என்றான்.

கப்பல் தலைவன் வில்லையை வாசித்தான். பேரரசருக்குப் பணிந்த கடற்கரைக் கூட்டத்தின் தலைவன் என்றிருந்தது. பணிந்தவன் பேரரசரின் ஆட்களிடமே திறை கேட்பது கலகம்; கலகக்காரனின் மகனைத் தலைநகரில் ஒப்படைப்பது தன் கடமை என்றான். ஆதனைப் பிடித்துவைத்துக்கொண்டு கப்பல் புறப்பட்டது. படகோட்டி மட்டும் தனியே கரைக்கு வந்து நடந்ததைச் சொன்னான். ஆதன் பிறகு திரும்பவேயில்லை.

சேந்தன் மூவரையும் நிறுத்தி விசாரித்தான். துறவியே மறுக்கவில்லையே என்றான் கூத்தன். தன் வாயிலிருந்து ஒரு பொய்யும் வரவில்லை என்றார் சங்கபாலர்.

கீரன் சொன்னான்: "உண்மையைச் சொல்லியிருந்தால் நீ என்னை வீட்டுக்குள்ளேயே விட்டிருக்க மாட்டாய்."

இம்மூவரில் யாருடைய குற்றம் பெரியது?

விடை: கூத்தன் பொய்யன். ஆனால் அந்தப் பையன் எதற்குள் போகிறான் என்பதை அறியாதவன். சங்கபாலர் எழுத்தை அறிந்தார்; படகு புறப்பட்டதை அறியவில்லை. இரண்டையும் அறிந்து கரையில் நின்றவன் கீரன் ஒருவனே, அதுவும் தாய்மாமன். பெரிய குற்றம் அவனுடையது. சேந்தனுக்கும் இது தெரியும். ஆனால் மைத்துனனைத் தொட்டால் வீட்டில் சண்டை, துறவியைத் தொட்டால் பாவம் என்று எண்ணி, வணிகனைக் கழுவேற்றினான். ஆதனைப் பெற்றவள் மட்டும் தீர்ப்பில் தவறவில்லை. பல ஆண்டுகள் கழித்து அண்ணன் கீரன் இறந்த செய்தி வந்தபோது அவள் உண்டுகொண்டிருந்தாள். இலையில் இருந்ததை முடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னாள்.