கோமதி சந்து

பேச்சிமுத்து கோபத்தோடு வந்த அன்று, பெனிட்டா யாரோ ஒருவருக்குக் கண் சோதித்துக்கொண்டிருந்தாள்.

பாளையங்கோட்டையில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் அவளுக்கு வேலை. முப்பது வயதிருக்கும். ஞாயிறு காலையில் ஏழெட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு தெருத் தெருவாக நடப்பாள். குடிதண்ணீர்க் குழாய், மருந்துக்கடை, பள்ளிக்கூட வாசல் என்று கண்ணில் பட்டதையெல்லாம் செல்போனில் உள்ள பொது மேப்பில் ஏற்றுவார்கள். யார் வேண்டுமானாலும் அதில் வரையலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம். தனியாக ஒருவருக்குச் சொந்தமில்லை.

தபால் ஆபீசில் ஓய்வு பெற்ற பேச்சிமுத்துதான் அந்தக் கூட்டத்தில் மூத்தவர். கற்றுக்கொள்ள வந்த இடத்தில் வயது என்ன வயது என்று அவளை டீச்சர் என்றே கூப்பிடுவார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள்.

கண் சோதிக்க வந்தவர் படியிறங்கும்வரை பொறுத்திருந்துவிட்டு, செல்போனை நீட்டினார்.

"எவனோ தூக்கணாங்குருவியாம், டீச்சர். நான் போடப் போட அழிக்கான்."

அவர் போட்டது ஒரு பெயர். மார்க்கெட்டுக்குப் பின்னால், கால்வாயைப் பார்த்து இறங்கும் பெயரில்லாத ஒரு சந்துக்கு 'கோமதி சந்து' என்று எழுதியிருந்தார். கோமதி அவர் மனைவி. போன ஐப்பசியில் தவறிப்போனாள். தூக்கணாங்குருவி என்ற பெயரில் இருக்கிற கணக்கு அதை எடுத்துவிட்டு, 'இங்கே யாரும் இப்படிச் சொல்வதில்லை' என்று குறிப்பு எழுதியிருந்தது. இவர் மறுபடி போட்டார். அது மறுபடி எடுத்தது. இன்று காலையில் இவர் திரும்பவும் போட்டிருந்தார்.

"நானும் நறுக்குன்னு எழுதிட்டேன்."

"படிச்சேன். குருவிக்கு மூளை எவ்வளவு இருக்கும்னு ஊருக்கே தெரியும்னு எழுதியிருந்தீங்க."

"அது உங்களுக்கு எப்படி..."

"நான்தான் அண்ணாச்சி அது."

பேச்சிமுத்து ஸ்டூலில் உட்கார்ந்தார். எதிர்ச் சுவரில் எழுத்துகள் பெரிதிலிருந்து சிறிதாகிக்கொண்டே போயின.

"எங்கிட்டயே சொல்லியிருக்கலாமே டீச்சர்."

"குருவிகிட்ட பேசின மாதிரி எங்கிட்ட பேசமாட்டீங்களே."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

"தெருவுக்குத் தெரு யார் யார் பேரோ இருக்கு. அந்த ஆளையெல்லாம் எவன் பார்த்தான்? எங்களுக்குப் பிள்ளை குட்டி கிடையாது. நானும் போயிட்டா, கோமதின்னு ஒருத்தி இருந்தான்னு சொல்ல நாதியில்ல. ஒரு சந்து. அதுகூடவா அவளுக்கு ஆகாது?"

பெனிட்டா கண்ணாடி ஒன்றைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தாள்.

"ஞாயித்துக்கிழமை அந்தச் சந்துக்கே போவோம்" என்றாள்.

ஒரு தெருவின் பெயரில் சந்தேகம் வந்தால், அதன் முனையில் நின்று போகிறவர் வருகிறவரைக் கேட்பது அந்தக் கூட்டத்தின் வழக்கம். பேச்சிமுத்துவுக்கும் அது தெரியும்.

சந்து முனையில் ஒரு டீக்கடை. பெனிட்டா கேட்டாள்.

"இந்தச் சந்துக்கு என்ன பேரு?"

டீக்கடைக்காரர் பேச்சிமுத்துவை ஒரு பார்வை பார்த்தார்.

"கோமதி சந்து" என்றார், வாய்ப்பாடு ஒப்பிக்கிற பிள்ளையைப் போல.

"எவ்வளவு நாளா?"

"நேத்துச் சாயங்காலத்துலேருந்து."

பேச்சிமுத்து குனிந்து செருப்பைச் சரிசெய்தார்.

கீரைக் கூடையோடு ஒரு பெண் வந்தாள். பெனிட்டா அவளையும் கேட்டாள்.

"பேரா? பேரு வைக்க இது என்ன பிள்ளையா?" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

பெனிட்டா அதற்கு மேல் யாரையும் கேட்கவில்லை.

"கால்வாய்க்கு அந்தக் கரையில ஆஸ்பத்திரி இருக்குல்லா அண்ணாச்சி. அங்க ஒரு ஜோலி இருக்கு. நடந்தே போயிட்டு வந்துருவோம்."

மேப்பில் வழி கேட்டாள். அது காட்டிய வழியில் நடக்கத் தொடங்கினாள். பேச்சிமுத்து பின்னால் போனார்.

மார்க்கெட்டைச் சுற்றினார்கள். பெரிய ரோட்டில் லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி நடந்தார்கள். வெயில் ஏறிவிட்டது. பாலத்தில் பாதி தூரம் வந்ததும் பேச்சிமுத்து கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"எதுக்கு டீச்சர் இந்தச் சுத்து? சந்துக்குள்ள இறங்கியிருந்தா வெத்தலை போட்டு மெல்லுறதுக்குள்ள வந்திருக்கலாம்."

"சந்துதான் கால்வாய்ல முட்டி நிக்குதே."

"முட்டாது. கடைசியில ஒரு புங்கமரம் நிக்கும். அதுக்கடியில குறுக்க கல்லு போட்டிருக்கு. கோமதி அதுலதான் தாண்டுவா. கேக்க ஆளில்லாம எவளாவது வார்டுல கிடக்கான்னு காதுல விழுந்தாப் போதும், கஞ்சியைத் தூக்குவாளியில ஊத்திக்கிட்டுக் கிளம்பிருவா."

"மேப்புல கல்லு இல்லியே. சந்தை நீங்கதான வரைஞ்சீங்க?"

"வானத்துலேருந்து எடுத்த போட்டோவைப் பார்த்துல்லா வரைஞ்சேன். மரம் மறைச்சுக்கிட்டு..."

அவர் நிறுத்திக்கொண்டார்.

அந்தப் போட்டோவில் அந்த இடம் வெறும் பச்சைத் திட்டு. பச்சை தொடங்கிய இடத்தில் அவர் கோட்டை முடித்துவிட்டார். பெயரை மட்டும் பார்த்துப் பார்த்து எழுதியிருந்தார்.

"கல்லு இன்னும் இருக்கா?" என்று கேட்டாள் பெனிட்டா.

"தெரியல. அவ போனப்புறம் நான் அந்தப் பக்கம் போகல."

ஆஸ்பத்திரி ஜோலியைப் பற்றி அவளும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. வந்த வழியே திரும்பினார்கள்.

கல் இருந்தது. நீளமான இரண்டு பலகைக் கற்கள். ஒரு பக்கம் யாரோ இரும்புக் குழாய் நட்டுக் கைப்பிடி வைத்திருந்தார்கள். புங்கம்பூ கல்லெல்லாம் உதிர்ந்து கிடந்தது. பேச்சிமுத்து ஒரு காலை வைத்து அழுத்திப் பார்த்தார். பிறகு நடந்தார். பாதிக் கல்லில் வெகுநேரம் நின்றார். பெனிட்டா கரையிலேயே இருந்தாள்.

திரும்பி வந்து செல்போனை எடுத்தார். சந்து முடிந்த இடத்திலிருந்து அக்கரைவரை ஒரு கோடு இழுத்தார். நடைபாலம் என்று குறித்தார். ஒரு ஆள் போகிற அகலம். வண்டி போகாது. கைப்பிடி ஒரு பக்கம்.

பிறகு சந்தின் பெயரைத் தொட்டார். எழுத்து எழுத்தாக அவரே அழித்தார். கடைசி எழுத்து மிச்சமிருந்தபோது பெனிட்டா கால்வாய்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தெருக்களை முடித்துவிட்டு இருவரும் அந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

ஆட்டோவிலிருந்து ஒரு இளம்பெண் இறங்கினாள். கக்கத்தில் எக்ஸ்ரே கவர். முகத்தில் இரவெல்லாம் தூங்காத களைப்பு. செல்போனைப் பார்த்தாள். சந்தைப் பார்த்தாள். மறுபடி செல்போனைப் பார்த்துவிட்டு உள்ளே இறங்கினாள்.

"ஊருக்குப் புதுசு போல" என்றார் டீக்கடைக்காரர்.

புங்கமர நிழலுக்குள் அவள் மறைந்தாள். கொஞ்ச நேரத்தில் அக்கரை வெயிலில் அவள் சேலை தெரிந்தது. வேகமாக நடந்துகொண்டிருந்தாள்.

பேச்சிமுத்துவின் கையில் டீ ஆறிப்போயிருந்தது.

"வழி வந்துட்டு டீச்சர்" என்றார். "கோமதி எங்க?"

பெனிட்டா அக்கரையைப் பார்த்தபடி சொன்னாள்.

"அந்தப் பிள்ளைக்கு ரெண்டு எட்டு முன்னால போறாங்க, அண்ணாச்சி."