இருநூற்றுப் பன்னிரண்டாம் நாள்

ஒருவருடைய சாதனைகளைப் பட்டியல் போடுவது கை வலிக்கிற வேலையே தவிர மனம் வலிக்கிற வேலை அல்ல. நெல்லையப்பனுக்கோ அது மூன்று வாரம் இழுத்தது. பதின்மூன்று சாதனைகளை ஒரே நாளில் எழுதி முடித்தவன், ஒன்பதாவதை மட்டும் எழுதுவதும் அடிப்பதுமாக இருந்தான்.

பட்டியல் அவனுடைய ஆசிரியை குமுதவல்லியைப் பற்றியது. சின்னஞ்சிறு மூலக்கூறுகளைக் கைகோத்து நிற்கவைத்து நீளமான சங்கிலியாக்கும் வித்தைக்குப் பாலிமர் வேதியியல் என்று பெயர். கல்லூரிகளில் அதைச் சொல்லித்தர ஆளே இல்லாத காலத்தில் துணிந்து இறங்கியவர் அவர். உப்புநீரைக் குடிநீராக்கும் சவ்வு, ஆமணக்கெண்ணெயில் செய்த ரப்பர், தீப்பிடிக்காத மின்கம்பி உறை என்று அவர் கைபட்டவை பல. இப்போது ஒரு பெரிய விருதுக்கு அவர் பெயரை அனுப்ப வேண்டும். எழுத வேண்டிய பொறுப்பு துறைத்தலைவருடையது. அந்தத் தலைவர், அவரிடமே ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கிய நம் நெல்லையப்பன். வயது நாற்பத்தேழு.

வெள்ளிக்கிழமை பிற்பகல் தாள்களோடு அவரைப் பார்க்கப் போனான். எழுபத்தைந்து வயதிலும் ஆய்வுக்கூடத்தின் கோடியில் அவருக்கு ஒரு மேசை உண்டு. ஓய்வு பெற்ற அன்றே காலி செய்யச் சொன்ன நிர்வாகம், அவர் அதைக் காதிலேயே வாங்காததால் களைத்துப்போய் விட்டுவிட்டது.

"மேடம், ஒரு கையெழுத்து வேணும். அப்புறம் ஒரு கேள்வி."

"கேளு."

"இந்தப் பதினாலுல உங்களுக்கு எது பெரிசுன்னு தோணுது? அதை முதல்ல போட்டுரலாம்னு பாக்கேன்."

குமுதவல்லி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். ஒன்பதாவதில் விரல் நின்றது. அறுந்த தசைநாரை எலும்போடு சேர்த்துத் தைக்கும் இழை. ஓராண்டு முழுதும் தொடர்ந்து சுமை தாங்கியது.

"இதைத்தான் எல்லாரும் மேல போடச் சொல்லுதாங்க" என்றான் நெல்லையப்பன். "பிள்ளைங்க ஆஸ்பத்திரில கனகசபைன்னு ஒரு டாக்டர், நம்ம இழையை எடுத்துக்கிட்டிருக்காரு. திங்கக்கிழமை முதல் ஆபரேஷன். ஒன்பது வயசுப் பிள்ளைக்கு, குதிகால்ல."

"மத்த சோதனையெல்லாம்?"

"அவங்களே பண்ணிட்டாங்க மேடம். வருஷக்கணக்குல தாங்குமான்னு மட்டும் அவங்க பாக்கல. அதுக்கு நம்ம கட்டுரை இருக்கே."

நல்ல சேதி சொல்லும் குரலில் சொல்ல வேண்டும் என்று மாடிப்படியிலேயே தீர்மானித்து வந்திருந்தான். சொன்னதென்னவோ தாளைப் பார்த்துத்தான்.

குமுதவல்லி தாள்களை ஓரமாக ஒதுக்கி வைத்தார். இழுப்பறையைத் திறந்து முழம் நீளத்துக்கு ஒரு பாலிமர் இழையை எடுத்தார். ஒரு முனையைத் தாங்கியின் பிடிப்பானில் இறுக்கினார். மறுமுனையில் ஒரு எடைக்கல்லைக் கட்டித் தொங்கவிட்டார். அளவு பார்க்கும் கருவியை அவன் பக்கம் திருப்பி வைத்தார்.

"உக்காரு. நிமிஷத்துக்கு ஒரு தரம் பாரு. எவ்வளவு நீண்டிருக்குன்னு எழுது."

"எதுக்கு மேடம்?"

"எழுதேன்."

துறைத்தலைவர் முக்காலியில் உட்கார்ந்தார். முதலாண்டு மாணவன் செய்கிற வேலை. சன்னல் வழியாக யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று ஒரு கணம் யோசிக்கவும் செய்தான். அந்தக் கவலை கொஞ்ச நேரத்துக்குத்தான்.

முதல் நிமிடம், பதினான்கு கோடு நீண்டது. அடுத்தது, எட்டு. பிறகு ஐந்து, மூன்று, இரண்டு. அதன்பின் ஒன்று, ஒன்று, ஒன்று. புதிதாகச் சுமை ஏறிய இழை முதலில் மளமளவென்று நீளும். உள்ளே சங்கிலிகள் இழுபட்டு ஒழுங்காகிவிட்டால் பிறகு அசைவதே தெரியாது. இதெல்லாம் நெல்லையப்பன் வருடந்தோறும் வகுப்பில் சொல்லும் பாடம்தான்.

எட்டாவது எண்ணை எழுதியபோது பேனா நின்றுவிட்டது.

"இந்த வரிசையை எங்கயாவது பாத்திருக்கியா?" என்று கேட்டார் குமுதவல்லி.

அவன் எழுதிய எண்களைக் கையால் மறைத்தான்.

"இருநூத்துப் பன்னெண்டாம் நாள்" என்றார் அவர்.

நெல்லையப்பனுக்குக் காது மடல் வரை சூடேறியது. பத்தொன்பது வருடமாக உலகத்தில் தனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்த தேதி அது.

அன்று ஆயுத பூஜை விடுமுறை. கருவிகளுக்கெல்லாம் முந்தின நாளே பொட்டு வைத்தாகிவிட்டது. அந்த ஓராண்டுச் சோதனைக்கு அளவு எடுக்க அவன் மட்டும் வந்திருந்தான். உடம்புச் சூட்டில் வைத்த உப்புநீர்க் குழாய்க்குள், ஏழு மாதமாகத் தொங்கிய எடை அடியில் விழுந்து கிடந்தது. இழை அறுந்துபோயிருந்தது. உதவித்தொகை முடிய ஐந்தே மாதம். ஊரில் ஒரு கல்லூரி வேலை அவனுக்காகக் காத்திருந்தது. முதலிலிருந்து தொடங்கினால் இன்னும் ஒரு வருடம். அவன் அறுந்ததை எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு, அதே நூற்கண்டிலிருந்து வேறொரு இழையை வெட்டித் தொங்கவிட்டான். மறுநாள் காலை இருநூற்றுப் பதின்மூன்று என்று எழுதினான்.

"நான் ஒரு எண்கூடப் பொய்யா எழுதல மேடம்." குரல் அவனுக்கே கேட்கவில்லை. "தினமும் எவ்வளவு நீண்டுச்சோ அதைத்தான் எழுதினேன். அதைப் பழைய கணக்கோட கூட்டினேன். அவ்வளவுதான்."

"தெரியும். அதனாலதான் கண்டுபிடிக்க முடிஞ்சுது. ஏழு மாசமாத் தொங்கின இழை ஒரே நாள்ல பதினாலு கோடு நீளாது. ஒண்ணு நீண்டாலே அதிகம். நீ ஒழுங்காப் பொய் சொல்லியிருந்தா ஒண்ணு, ஒண்ணுன்னு எழுதியிருப்பே."

சொல்லிவிட்டு அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

"பிடிப்பான் கடிச்சிருக்கும்னு நினைச்சேன்" என்றான். "அப்படி அறுந்தா அந்தச் சோதனையைக் கணக்குல சேக்க வேண்டாம்னு நீங்களே சொல்லியிருக்கீங்க. இழை மேல தப்பில்ல, பிடிப்பான் மேலதான் தப்புன்னு."

"சொல்லியிருக்கேன். பிடிப்பான் கிட்ட அறுந்துதா, நடுவுலயா?"

"தெரியாது மேடம்."

"முனையைப் பாக்கலையா? கண்ணாலயே தெரியுமே."

"பாக்கல."

"ஏன்?"

இந்தக் கேள்வியை அவன் தன்னிடமே ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை. கேட்காமல் இருப்பதற்காக என்னவெல்லாமோ செய்திருக்கிறான். நேர்மையைப் பற்றி மாணவர்களுக்கு மேடை போட்டுப் பேசியிருக்கிறான், அளவில் புள்ளி பிசகியதற்காக ஒரு பெண்ணை ஆறு மாதம் திரும்பச் செய்ய வைத்திருக்கிறான். அந்தப் பெண்ணின் முகம் இப்போது நினைவுக்கு வந்தது. தரையைப் பார்த்துக்கொண்டான்.

"பாத்தாத் தெரிஞ்சிருமேன்னுதான்" என்றான்.

குமுதவல்லி தாங்கியிலிருந்து எடையைக் கழற்றினார். இழையைச் சுருட்டி இழுப்பறையில் வைத்தார். அவன் கண்ணைத் துடைத்துக்கொள்ள அவகாசம் கொடுத்தாரோ என்னவோ, மெதுவாகத்தான் செய்தார்.

"உங்களுக்கு எப்ப தெரியும் மேடம்?"

"நீ ஆய்வேட்டைக் கொண்டுவந்து குடுத்த வாரமே. வரைபடத்துல அந்த இடத்துல ஒரு மேடு இருந்துச்சு. நோட்டை எடுத்துப் பாத்தேன்."

"ஏன் கேக்கல? கூப்பிட்டு ரெண்டு அறை அறைஞ்சிருக்கலாமே!"

கொஞ்சம் கோபமாகவே கேட்டுவிட்டான். வெட்கப்படுகிறவனுக்குக் கோபம் எங்கிருந்தாவது வந்துவிடும். பத்தொன்பது வருடப் பாரத்தில் பாதியை வேறு ஒருவர் தலையில் ஏற்றிவிட அவனுக்கு ஆசை வந்துவிட்டது.

குமுதவல்லி கண்ணாடியைக் கழற்றினார். அது இல்லாமல் அவர் முகம் வயதான வேறு யாரோ ஒருவருடையது போல இருந்தது.

"அந்த வருஷம்தான் என்னை அறிவியல் கழகத்துல சேத்துக்கிட்டாங்க. பொம்பளை உள்ள நுழையவே முடியாத இடம். இந்தக் கட்டுரையைக் காட்டித்தான் சேத்தாங்க. உன்னைக் கேட்டிருந்தா நீ உண்மையைச் சொல்லியிருப்பே. சொன்னா அந்த இடத்தை நான் திருப்பிக் குடுக்கணும்."

அவனால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தன் தவறு அம்பலமானதைவிட, அவர் இப்படித் தன்முன் உட்கார்ந்து சொல்வது தாங்க முடியாததாக இருந்தது. எழுந்து ஓடிவிடலாம் என்று தோன்றியது.

"இந்த இழை ஒருநாளும் யார் உடம்புக்குள்ளயும் போகாது, அலமாரியிலயே தூங்கும்னு இருந்துட்டேன்" என்றார். "திங்கக்கிழமைன்னா சொன்னே?"

"ஆமா. காலையில."

நெல்லையப்பன் சட்டைப்பையிலிருந்து கைபேசியை எடுத்தான். டாக்டரின் எண்ணைத் தேடி எடுத்துவிட்டு, அழுத்தாமல் நின்றான்.

"மேடம், நூற்கண்டுல சின்ன சந்தேகம், மறுபடி ஒரு சோதனை பண்ணணும்னு சொன்னாப் போதும்ல? அவரு நிறுத்திருவாரு. பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது."

அவர் அவனை ஒருமுறை பார்த்தார், அவ்வளவுதான். இருபத்தெட்டு வயதில் செய்ததையே நாற்பத்தேழு வயதிலும் செய்யப் பார்க்கிறோம் என்பது, அந்த வார்த்தைகள் வாயை விட்டுப் போன பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

எண்ணை அழுத்தினான். மறுமுனையில் மணி அடித்தது.

குமுதவல்லி கையை நீட்டினார்.

"குடு இங்க."

"வேண்டாம் மேடம். பண்ணினது நான். நான்தான் சொல்லணும்."

"அதைப் பண்ணினப்ப உனக்கு இருபத்தெட்டு வயசு, நெல்லையப்பா. தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டு இருந்தப்ப எனக்கு ஐம்பத்தாறு. முதல்ல நான் சொல்றேன். அப்புறம் நீ பேசு."