டேக் என்றால் எடு

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் இன்றைக்கும் சிலருக்கு முகம் சுண்டிவிடும் என்பதால் நான் சொல்லாமல் விடுகிற ஒரு நாட்டில், சந்தேகம் பிடித்த ராஜா ஒருவன் இருந்தான். கடற்கரைக் கோட்டையை வெள்ளைக்காரர்களிடம் பறிகொடுத்ததிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. கடிதத்தைத் தப்பாகப் படித்தான் என்று, வெள்ளைக்காரன் பேச்சைத் தமிழில் மாற்றிச் சொல்லும் துபாசியின் நாக்கை அறுத்தான். அந்த ஆள் கோயில் வாசலில் கையால் பேசிப் பிச்சையெடுத்தான். அதோடு விட்டானா? "இனி என் சபையில் ஒரு சொல்லுக்கு ஒரே பொருள்தான். மாற்றிச் சொல்கிறவன் நாக்கு எனக்கு" என்று ஒரு சட்டமும் போட்டான்.

அடுத்து துபாசியாக வந்தவன் மலையப்பன். அரசவை விகடகவி சாத்தையாவின் அக்காள் புருஷன். சாதுவான மனுஷன், அடுத்தவர் வம்புக்குப் போகாதவன். ஆனால் சபையில் அவன் ஆசனம் திருமேனி வித்துவானின் ஆசனத்துக்கு ஒரு முழம் முன்னால் இருந்தது. வித்துவானுக்கு வயிறு எரிய அது போதாதா?

ஒரு நாள் வெள்ளைக்காரக் கப்பித்தான் ஒருவன் கடிதம் கொடுத்தனுப்பிவிட்டு, தன் சிப்பாய்களோடு வெளி முற்றத்து வெயிலில் காத்து நின்றான். மலையப்பன் படித்துச் சொன்னான். இரண்டு நாள் இளைப்பாறுவேன், ஆற்றில் குளிப்பேன், மருந்து குடிப்பேன், ராஜாவின் யோசனையைக் கேட்பேன், பிறகு விடைபெறுவேன். அவ்வளவுதான் சேதி.

வித்துவான் கடிதத்தை வாங்கி, ஒரே மாதிரி இருந்த எழுத்துக்களைத் தேடி ஐந்து இடத்தில் சந்தனப் பொட்டு வைத்தார்.

"மகாராஜா, பொட்டு வைத்த ஐந்தும் ஒரே சொல். டேக். டேக் என்றால் எடு. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவனுக்குக்கூடத் தெரியும். ஆற்றை எடுப்பேன் என்கிறான் வெள்ளையன். குளிப்பேன் என்கிறான் இவன்!"

ராஜாவின் கண் சிவந்தது. மலையப்பன் கைகூப்பினான்.

"அந்தச் சொல் தனியாக நிற்காது மகாராஜா. பக்கத்தில் எந்தச் சொல் வந்து சேர்கிறதோ, அதற்கேற்ற வேலையைச் செய்யும்."

"அப்படி ஊர் சுற்றும் சொல் என் சபைக்கு வேண்டாம். கட்டுங்கள் இவனை."

கையைப் பின்னால் கட்டினார்கள். கத்தியைத் தீட்டும் சத்தம் கேட்டது. இந்த மனுஷன் இனி அக்காவை வாய் திறந்து கூப்பிட மாட்டானே என்று நினைத்தபோது சாத்தையாவுக்கு அழுகையே வந்துவிட்டது. விகடகவி அழுதால் சபை அதையும் விகடம் என்று சிரிக்கும். அடக்கிக்கொண்டு முன்னால் வந்தான்.

"மகாராஜா, தங்கள் பாட்டனார் வைத்த முறை ஒன்று உண்டு. புகார் சொல்லி ஒருவனை ஆசனத்திலிருந்து இறக்குகிறவர், அதில் தாமே அமர்ந்து, பாக்கியிருக்கும் வேலையை முடித்த பிறகுதான் தண்டனை. கப்பித்தான் வாசலில் காத்திருக்கிறான்."

பாட்டனார் பெயரைச் சொன்னால் ராஜா மறுக்கமாட்டான். வித்துவானும் பூரித்துப்போய் அந்த ஆசனத்தில் உட்கார்ந்தார். அதில் உட்காருகிறவன் கத்தி முனையை நாக்கில் தொட்டு, தன் சொல்லுக்குத் தன் நாக்கே பிணை என்று சத்தியம் செய்ய வேண்டும். தீட்டிய கத்தியையே கொண்டுவந்து நீட்டினார்கள். அப்போதுதான் அவருக்கு வியர்த்தது.

கப்பித்தான் உள்ளே வந்தான். கம்பளிச் சட்டைக்குள் வெந்து, முகமெல்லாம் ரத்தச் சிவப்பு. தள்ளாடியபடி கையை நீட்டி ஏதோ கேட்டான். அதில் டேக் என்பது மட்டும் எல்லார் காதிலும் விழுந்தது. காவலர்கள் ஈட்டியைத் தாழ்த்தினார்கள். வெளியே வெள்ளைக்காரச் சிப்பாய்கள் துப்பாக்கியைத் தூக்கினார்கள்.

"எதை எடுக்கப்போகிறானாம்?" என்றான் ராஜா.

டேக்கோடு ஒட்டிக்கொண்டு வந்த மற்ற சொற்களை வித்துவான் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. வாயைத் திறந்தார், மூடினார். மெதுவாகச் சரிந்து, கட்டுண்டு நின்றவன் பக்கம் குனிந்தார்.

"மலையப்பா, உன் காலைப் பிடிச்சுக்கறேன். என்னய்யா சொல்றான் அவன்?"

ரகசியம் என்று நினைத்துத்தான் கேட்டார். மூச்சு விடும் சத்தம்கூட இல்லாத சபையில் கடைசி வரிசைவரை கேட்டது.

மலையப்பன் வாசல் பக்கம் பார்த்தான். சொல்லாதே அத்தான், இந்த ஆள் நாக்கு போகட்டும் என்று சாத்தையாவின் மனம் கறுவியது. வெளியே துப்பாக்கிகள் இன்னும் தாழவில்லை.

"வெயில் தாங்கலையாம். கொஞ்சம் உட்காரலாமான்னு கேக்கறார்," என்றான் மலையப்பன்.

சாத்தையா ஓடிப்போய் ஒரு முக்காலியைக் கொண்டுவந்து போட்டான். கப்பித்தான் அதில் பொத்தென்று உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டான்.

"மகாராஜா, வித்துவான் வாய் திறந்திருந்தால் ஆசனத்தை எடுக்க வந்திருக்கிறான் என்றிருப்பார். ஒரு முக்காலிக்காக இந்நேரம் இங்கே பத்துப் பிணம் விழுந்திருக்கும். நல்லவேளை, அவர் பொய்யாக எதுவும் சொல்லவில்லை. ஒன்றுமே சொல்லவில்லை. ஆகவே அவர் நாக்கையும் விட்டுவிடலாம்."

ராஜா வித்துவானைப் பார்த்தான், முக்காலியைப் பார்த்தான், குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். ராஜா சிரித்தபின் சபையும் சிரித்தது. கழுத்து முத்துமாலையைக் கழற்றிச் சாத்தையாவின் கழுத்தில் போட்டான். மலையப்பனின் கட்டை அவிழ்த்து அதே ஆசனத்தில் உட்காரச் சொன்னான்.

இளைப்பாறிய கப்பித்தான் மறுபடி பேசினான். நீளமாக, விரலை ஆட்டி ஆட்டிப் பேசினான். மலையப்பன் ராஜாவின் முகத்தைப் பார்த்தான், கத்தியைப் பார்த்தான்.

"மகாராஜாவின் பெருமையைப் புகழ்கிறார்," என்றான்.

"சரிதானா வித்துவானே?"

"சரி மகாராஜா, ரொம்பச் சரி!" என்றார் வித்துவான். ராஜா கண்ணில் நீர் வர மறுபடியும் சிரித்தான்.

சபை கலைந்ததும் சாத்தையா பின்னாலேயே ஓடினான்.

"அத்தான், நெஜமா அதுவா சொன்னான்?"

மலையப்பன் மணிக்கட்டில் கயிறு பதிந்த இடத்தைத் தேய்த்துக்கொண்டே நடந்தான்.

"இனிமே அவன் என்ன சொன்னாலும் அதுதாண்டா," என்றான்.