செயின் கவரான பெயர்ப்பலகை

புதிர் அவிழ்க்கத் தெரிந்தவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள். இது டிராக் ரேஸ் நடந்த இடத்தில் முளைத்த வழக்கு. இரண்டு பைக்குகள் பக்கத்துப் பக்கத்தில் நின்று, நேர்கோட்டில் சீறிப் பாய்ந்து, நாம் ஒரு கொட்டாவி விடுவதற்குள் முடிந்துபோகிற பந்தயம் அது.

கோவைக்கு வெளியே, விமானங்கள் கைவிட்ட ஓர் ஓடுதளத்தில் அன்று இறுதிப் போட்டி. ஒரு பக்கம் மயில்சாமி. அவனுடைய வண்டியை உருவாக்கியவள் அவன் மனைவி வஞ்சிக்கொடி. பந்தய வண்டிகளுக்கு வேண்டிய பாகங்களைத் தகடு வெட்டி, வெல்டிங் வைத்துச் செய்துகொடுக்கும் பட்டறை அவளுடையது. வேலை படு கச்சிதம். ஆனாலும், 'பொம்பளை வெக்கிற வெல்டிங் தாங்குமா?' என்று ஒருவரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. கோப்பையைக் கொண்டுபோய் வாசலில் வைத்தால் அந்த வாய்கள் அடைபடும், இல்லாவிட்டால் பட்டறையை மூட வேண்டியதுதான் என்ற நிலைமை.

மைதானத்திலும் ஒரு கூடாரம் போட்டு, பட்டறையின் பெயர்ப்பலகையைக் கொண்டுவந்து மாட்டச் சொல்லியிருந்தாள். 'வஞ்சி பட்டறை' என்று சிவப்பில் எழுதிய கனத்த இரும்புத் தகடு. தூக்கி மாட்டிய மயில்சாமிக்கு மூச்சு வாங்கியது.

"பேர்ப்பலகைக்கு எதுக்கு வஞ்சி இத்தனை கனம்?"

"மெல்லிசா செய்ய எனக்குக் கை வராதுங்க."

எதிர்ப்பக்கம் நந்தகோபால். பந்தயக்காரர்களுக்கு ஒரு தீராத வியாதி உண்டு. எடை குறையட்டும் என்று கண்ட இடத்திலெல்லாம் ஓட்டை போடுவார்கள். இவன் செயின் கவரையும் விட்டுவைக்கவில்லை. செயின் அறுந்தால் ஓட்டுபவனின் காலையோ பக்கத்து வண்டிக்காரனையோ பதம் பார்க்காமல் தடுப்பதற்குத்தான் அந்தக் கவர். கனத்த தகட்டில், ஓட்டையே இல்லாமல் இருக்க வேண்டும் என்பது பந்தய விதி. இவனுடையது இடியாப்பத் தட்டு மாதிரி இருந்தது.

வண்டிகளைப் பரிசோதித்த சேனாபதி, நந்தகோபாலின் சொந்தத் தாய்மாமன். குனிந்து பார்த்தவர், "ஆகாது" என்றார்.

"மாமா, நானுங்க!"

"நீயிங்கறதாலதான் ரெண்டு தடவை பாத்தேன். ஆகாது."

அன்று இரவு அக்கா வீட்டில் தனக்கு என்ன மரியாதை கிடைக்கும் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். அசையவில்லை.

இனி மயில்சாமி தனியாக ஓட்டி முடித்தாலே கோப்பை அவனுக்கு. நந்தகோபால் வெட்கத்தை விட்டு வஞ்சியின் கூடாரத்துக்கே வந்தான். "அக்கா, ஒரு கவர் செஞ்சு குடுங்க்கா."

அவள் கணவனைப் பார்த்தாள். "எதிர்ல ஆளில்லாம வாங்குன கோப்பைய வெச்சு என்ன பண்றது? செஞ்சு குடு" என்றான் மயில்சாமி.

அவளிடம் மிச்சமிருந்த தகடெல்லாம் மெல்லிசு. 'தகடு இல்லை தம்பி' என்று சொல்லியிருந்தால் அது பொய்யுமில்லை. ஆனால் அவள் அண்ணாந்து பெயர்ப்பலகையைப் பார்த்தாள். பலகையைக் கழற்றி, வெட்டி, வளைத்து, வெல்டிங் வைத்துவிட்டாள். சேனாபதி தட்டிப் பார்த்தார், இழுத்துப் பார்த்தார், "ஆகும்" என்றார். பெயின்டைச் சுரண்ட நேரமில்லை. 'வஞ்சி' என்ற எழுத்து பளிச்சென்று தெரிய எதிராளியின் வண்டி கிளம்பியது.

நந்தகோபால் ஒரு சக்கர அளவு முந்தினான். கோட்டைத் தாண்டிய அதே நொடியில் அவன் செயின் அறுந்தது. கவருக்குள் டமடமவென்று அடித்துப் பார்த்து, வெளியே வர வழியில்லாமல் அடங்கியது. கவரில் முஷ்டியளவுக்கு ஒரு புடைப்பு. வெல்டிங் மட்டும் விடவேயில்லை. அவன் காலும் பத்திரம், பக்கத்தில் வந்த மயில்சாமியும் பத்திரம். வஞ்சிக்குச் சிரிப்பும் வந்தது, கோப்பை போன அழுகையும் வந்தது.

கோப்பையோடு ஓடிவந்தான் நந்தகோபால். "இது உங்களுதுங்க்கா. பலகைய வெட்டுனது நீங்க."

"உங்கண்ணன் சொல்லாட்டி வெட்டியிருக்க மாட்டனே. அவருக்குக் குடு" என்று கணவனைக் காட்டினாள் வஞ்சி.

"ஆகாதுன்னு சொன்னவரு அவருதான்" என்று மயில்சாமி சேனாபதியைக் காட்டினான். சேனாபதி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

வெட்டிக் கொடுத்தவள், விட்டுக்கொடுத்தவன், விடாப்பிடியாக நின்றவர். சொல்லுங்கள், நந்தகோபால் கோப்பையை யாரிடம் கொடுத்தால் சரி?

விடை: யாரிடமும் கொடுக்கக் கூடாது. முந்தியவனுக்குத்தான் கோப்பை. அவன் நியாயமாக முந்தட்டும் என்றுதான் மூவரும் மெனக்கெட்டார்கள். திருப்பிக் கொடுத்தால் அத்தனையும் வீண். வஞ்சிக்குச் சேர வேண்டியது வேறொன்று, அந்தச் செயின் கவர். நந்தகோபால் அதைக் கழற்றிக் கொடுத்தான். பெயரும் புடைப்பும் தெரிய அது இப்போது பட்டறை வாசலில் தொங்குகிறது. வெல்டிங் தாங்குமா என்று கேட்டவர்கள் ஆளுக்கொரு இடியாப்பத் தட்டோடு அதன் கீழே வரிசையில் நிற்கிறார்கள். வஞ்சிக்குத் தலை நிமிர நேரமில்லை.