கேட்பதற்கு முன்பே வந்த பதில்

நகராட்சித் தலைவர் தேர்தலில் கட்சி சார்பில் நிற்கப்போவது குணசீலனா, ஆமினாவா? இருவரும் மேடையில் விவாதிக்க, உறுப்பினர்கள் வாக்களித்து முடிவு செய்வதாக ஏற்பாடு. குணசீலன், மாவட்டச் செயலாளர் சங்கரபாண்டியனின் மருமகன்.

கேள்வி கேட்க வந்த அறிவிப்பாளர் செண்பகவல்லியிடம் செயலாளர் உறுமினார்: "மாப்பிள்ளை எப்படிப் பேசுவார்னு முதல்லயே மைக்ல சொல்லு. உசத்தியாச் சொல்லணும். சொன்னது பலிக்கலைன்னா, இனி உனக்கு மேடையே கிடையாது."

பக்கத்து அறையில் மாப்பிள்ளை, கேள்விப் பட்டியலை முன்பே வாங்கிவைத்து, பதில்களை மட்டும் வரிசையாக மனப்பாடம் செய்தது அவள் காதில் விழுந்திருந்தது. மைக்கைப் பிடித்தாள்.

"நம்ம குணசீலன் அண்ணாச்சி, கேள்வி கேட்கிறதுக்கு முன்னாடியே பதில் சொல்லிடுவார்!"

செயலாளர் பெருமையாக மீசையைத் தடவிக்கொண்டார்.

செண்பகவல்லி கேள்விகளைக் கடைசியிலிருந்து படிக்கத் தொடங்கினாள். "பஸ் ஸ்டாண்டு கழிப்பறைக்கு என்ன செய்வீங்க?"

குணசீலன் துள்ளி எழுந்தார். "தூர்வாரி, சுத்திலும் மரம் நட்டு, படகு விடுவேன்!"

மண்டபமே குலுங்கிச் சிரித்தது.

"அண்ணாச்சி, அது தெப்பக்குளத்துக்கான பதில். அந்தக் கேள்வியை நான் இன்னும் கேட்கவே இல்லையே!"

வாக்குகள் ஆமினாவுக்குக் குவிந்தன. செண்பகவல்லியின் மேடையைப் பறிக்கச் செயலாளருக்கு வழியில்லை. அவள் சொன்னதுதான் ஊரறியப் பலித்துவிட்டதே!