ஆறாவதில் நின்றவன்

"கிருபையைப் பத்தி அவசரப்பட்டுப் பேசாதீங்க" என்று மதுரம் ஐயர் பிரசங்கத்தில் சொல்வார். அதோடு ஒட்டி இன்னொரு வாக்கியமும் உண்டு. கேட்டவர்கள் யாருக்கும் அது இப்போது சரியாக நினைவில்லை.

அவர் போதகராக இருந்த சேகரத்தில், திடப்படுத்தலுக்கு முந்தின நாள் சாயங்காலம் நடந்தது இது.

மறுநாள் பேராயர் வருகிறார். அவர் தலையில் கைவைத்துத் திடப்படுத்தினால்தான் ஒருவர் நற்கருணைப் பந்தியில் சேர முடியும். அதற்கு முன் பத்துக் கட்டளைகளையும் பார்க்காமல் ஒப்புவிக்க வேண்டும். கேட்கிறவர் உதவிக் குரு எட்வின். செமினரியில் இறையியல் படித்துவிட்டு, மதுரம் ஐயரிடம் ஊழியம் கற்றுக்கொள்ள வந்தவர். கோவிலை ஒட்டிய அறையில் ஐயரும் கூட இருந்தார்.

கடைசியாகச் சற்குணம் வந்தான். ஐம்பதைத் தாண்டியவன். வாய்க்கால் தகராறில் ஒருவரை வெட்டிக் கொன்று, சிறையிலிருந்து திரும்பியவன்.

அவன் பின்னாலேயே பாக்கியமணி வந்து வாசலில் நின்றாள். செத்தவரின் மனைவி.

"நீங்க வெளிய இருங்கம்மா" என்றார் எட்வின்.

"இவன் சொல்லுதத நானும் கேக்கணும்."

எட்வின் ஐயரைப் பார்த்தார். ஐயர் ஒரு நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் உட்காரவில்லை.

சற்குணம் கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தான். தடுமாறவில்லை. தாய் தகப்பனைப் பற்றிய ஐந்தாவது வரை வந்துவிட்டான். அடுத்தது, "கொலை செய்யாதிருப்பாயாக."

வாய் திறந்தது. சத்தம் வரவில்லை.

"ஆறாவது" என்றார் எட்வின்.

சற்குணம் ஐந்தாவதையே மறுபடியும் சொல்லி நின்றான்.

"எடுத்துக் கொடுக்கட்டுமா?" என்று எட்வின் கேட்டார்.

ஐயர் வேண்டாம் என்று கையசைத்தார்.

"சொல்லுல" என்றாள் பாக்கியமணி. "ரெண்டே வார்த்தை. அன்னைக்குக் கை வந்துச்சே, இன்னைக்கு வாய் வரலையோ?"

அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். அவள் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வெளியே போய்ப் படியில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவனும் எழுந்து, யாரையும் பார்க்காமல் பின்வாசல் வழியாகப் போய்விட்டான்.

எட்வின் கதவைச் சாத்தினார்.

"இவரைப் பேராயர் முன்னாடி கூட்டிட்டுப் போக முடியாது, ஐயா."

"ஏன்?"

"பத்தும் சொல்லணும்னு விதி. நீங்க போட்ட விதி."

"ஆமா. நான்தான் போட்டேன்."

"கிருபைன்னு சொல்லி இவரை உள்ள விட்டா, படியில இருக்கிற அந்த அம்மாவுக்கு என்ன சொல்வீங்க? அவங்க பக்கம் இருக்கிறது அந்த ஒரு கட்டளைதான். அதையும் நாமளே விட்டுக்கொடுத்துட்டா, பிறகு கட்டளை எதுக்கு?"

பாக்கியமணி உட்காராத நாற்காலியில் ஐயர் உட்கார்ந்தார்.

"நீரு ஒரு தடவை சொல்லும்."

"எதை?"

"பத்தையும்."

"விளையாடாதீங்க, ஐயா."

"செமினரியில மெடல் வாங்கின வாய்தானே. சொல்லுமே."

எட்வின் கோபத்தோடு சொன்னார். ஒரே மூச்சில் பத்தும் முடிந்தது.

"ஆறாவது எப்போ போச்சு?"

"அஞ்சுக்கும் ஏழுக்கும் நடுவுல."

"நான் கவனிச்சேன். நீரு கவனிச்சீரா?"

எட்வின் ஆறாவதை மட்டும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தார்.

"இந்த அறையில எத்தனையோ பேர் ஒப்புவிச்சாச்சு. எல்லார் வாயிலயும் கட்டளை ஓடித்தான் போயிருக்கு. நான் சொன்னப்போவும் அப்படித்தான். இன்னைக்குத்தான் அது ஓர் ஆளைப் பிடிச்சிருக்கு. அந்த அம்மாவும் பாத்துட்டா."

"பிடிச்சாப் போதுமா, ஐயா?"

"போதாது. பிடிபட்டவனை எங்கயாவது கொண்டுபோய்ச் சேர்க்கணும். உமக்கு வேற இடம் தெரிஞ்சாச் சொல்லும். எனக்குத் தெரிஞ்சது அந்தப் பந்தி ஒண்ணுதான்."

பாக்கியமணி இன்னும் படியில்தான் இருந்தாள்.

எட்வின் கதவைத் திறந்துகொண்டு போய், அவளுக்குக் கீழ்ப்படியில் உட்கார்ந்தார்.

"நாளைக்குச் சற்குணத்தை நானே பேராயர் முன்னாடி கூட்டிட்டுப் போறேன், அம்மா" என்றார்.