ரயிலடிக்குப் போன வாய்க்கால்

"அம்மா, வாய்க்காலைக் காணோம்" என்றார் அமிர்தகடேசன்.

மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு மடத்து வாசலில் நின்றார். முழங்கால்வரை சேறு.

திலகவதி அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். அவர்தான் குரு, வயது நாற்பது. சீடர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், வயது அறுபத்தெட்டு. இதில் வியக்க ஒன்றுமில்லை. இளைய குருவின் காலடியில் கிழச் சீடர்கள் உட்கார்ந்திருப்பதைச் சிவன் கோயில்களின் தெற்குச் சுவரில் கல்லிலேயே செதுக்கி வைத்திருக்கிறார்கள். நாம்தான் சுண்டல் வாங்கும் அவசரத்தில் கவனிப்பதில்லை.

"எங்கே காணோம்?"

"ரயிலடிகிட்ட. அதுவரைக்கும் தூர் எடுத்தாச்சு. அந்தண்டை மறுபடியும் பள்ளம் தெரியுது. நடுவுல ஒரு துண்டு மட்டும் இல்ல."

"எங்கெல்லாம் தோண்டிப் பாத்தீங்க?"

"வடக்கே தோண்டினோம். தெற்கே தோண்டினோம். மண்வெட்டியே படாத களிமண்."

"நடுவுல?"

"நடுவுல ரயில் மேடும்மா."

அம்மா ஒரு கல்லைப் பொறுக்கி வெளியே போட்டார்.

அணை திறந்தாகிவிட்டது. தண்ணீர் வழியில் இருந்தது. வாய்க்கால் அந்த இடத்தில் விட்டுப்போனால், வந்த தண்ணீர் வடிகாலில் திரும்பிக் கடலுக்குப் போய்விடும். கடைமடையில் விதை தெளித்தவர்கள் வழக்கம்போல வானத்தைப் பார்க்க வேண்டியதுதான். இந்த வருஷம் அப்படிப் பார்க்கக் கூடாது என்று ஊரைக் கிளப்பித் தூர் எடுக்க வைத்தவரே அமிர்தகடேசன்தான்.

கூடவே வந்திருந்த சௌரிமுத்து பொறுக்கமாட்டாமல் சொன்னான்.

"மேட்டை வெட்டிப் பாத்துடலாம்னு சொன்னேம்மா. அண்ணன் கடப்பாரையை எடுத்து ஒளிச்சு வச்சுட்டாரு."

"அது சர்க்கார் சொத்துடா."

"தண்டவாளத்தை சர்க்காரே பேத்துக்கிட்டுப் போயிடுச்சு. கட்டையெல்லாம் எங்க மாட்டுக் கொட்டாயைத் தாங்கிக்கிட்டு நிக்குது. ஜல்லி ரோட்டுக்குப் போச்சு. மிச்சம் இருக்கிறது பிளாட்பாரமும் நீங்களும்தான்."

அமிர்தகடேசன் சேற்றைச் சுரண்டினார்.

ஊருக்கே தெரிந்த விஷயம்தான். அவர் மகள் பூங்கோதை, மனசுக்குப் பிடித்தவனோடு அந்தப் பிளாட்பாரத்தில்தான் ரயில் ஏறினாள். திருட்டுத்தனமாக அல்ல, சொல்லிக்கொண்டு.

"கோபம் தணிஞ்சதும் இங்கேயே வந்து நில்லுங்கப்பா. சாயங்கால வண்டியில வந்து இறங்குவேன்."

கோபம் தணிய ஒரு மழைக்காலம் ஆயிற்று. அதற்குள் ரயிலை நிறுத்திவிட்டார்கள்.

அவர் மட்டும் சாயங்காலம் தவறாமல் போய் நின்றார். பஸ் நிற்கும் இடம் ஊரின் மறுகோடியில் இருக்கிறது. அங்கே அவர் நின்றதை யாரும் பார்த்ததில்லை.

மறுநாள் சாயங்காலம் அவர் போனபோது, வழக்கமாக அவர் சாய்ந்துகொள்ளும் கல்லில் அம்மா சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு துணிப்பை.

"எங்கம்மா கிளம்பிட்டீங்க?"

"வண்டி எங்க போகுதோ அங்க."

"எந்த வண்டி?"

"நீங்க தினம் பாக்க வர்றீங்களே, அது. படிச்ச மனுஷர். வராத வண்டிக்கா வருவீங்க?"

அவர் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. பையை அணைத்துக்கொண்டு மேற்கே எட்டிப் பார்த்தார்.

வெளிச்சம் குறைந்தது. கொசு வந்தது.

"எழுந்திருங்கம்மா."

"கொஞ்சம் தாமதமாகும். ரயில்தானே."

"வராதும்மா."

"யார் சொன்னா?"

அவர் மேட்டில் முளைத்திருந்த கருவேலமரங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் சொல்றேன்" என்றார்.

அம்மா எழுந்து பையை உதறினார். அதில் ஒன்றுமில்லை.

"இந்தக் கல்லு எதுக்கு ஐயா?"

பிளாட்பார ஓரத்தில் இடுப்புயரத்துக்கு நட்ட கருங்கல் அது. அவர் முதுகு பட்டுப் பட்டு ஒரு பக்கம் வழவழப்பாகியிருந்தது.

"ஆடு கட்டுவாங்க."

"அந்தப் பக்கம் தொட்டுப் பாருங்க."

தொட்டார். கல்லைச் சுற்றி, விரல் புதையும் ஆழத்துக்குக் கயிறு அறுத்த தடம்.

"ஆட்டுக் கயிறு இவ்வளவு அறுக்குமா?"

"அறுக்காது."

"அப்ப ரயிலைக் கயிறு போட்டுக் கட்டினாங்களா?"

அவர் மண்டியிட்டு, காலுக்குக் கீழே இருந்த மேட்டில் கையை வைத்தார்.

ரயில் போட்டவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்வது தகாது. சிக்கனக்காரர்கள். நேராகவும் மட்டமாகவும் எவனோ வெட்டிவைத்த தடம் இருக்கும்போது புதிதாக நிலம் தேடுவானேன்? அந்தக் காலத்தில் உப்புப் படகுகளை இந்தக் கல்லில் கட்டி நிறுத்திய அந்த வாய்க்கால் துண்டில் மணலைக் கொட்டி, மேடாக்கி, மேலே தண்டவாளத்தைப் போட்டுவிட்டார்கள். வாய்க்கால் எங்கேயும் போகவில்லை. அதன்மேல்தான் அவர் இத்தனை காலமும் நின்றுகொண்டிருந்தார்.

காலையில் அமிர்தகடேசன் வைக்கோல்போருக்குள் கைவிட்டுக் கடப்பாரையை எடுத்தார்.

"அண்ணே, நீங்க தள்ளி நில்லுங்க. நாங்க பாத்துக்கறோம்" என்றான் சௌரிமுத்து.

"நகருடா."

முதல் குத்து அவருடையது. மேல்மண்ணுக்குக் கீழே வெள்ளை மணல் வந்தது. மணலுக்கும் கீழே கறுத்த வண்டல், அதில் நத்தை ஓடுகள். ஊரே இறங்கி வெட்டியது. பிளாட்பாரம் கூடைகூடையாகக் கரையேறியது. கருங்கல்லை மட்டும் யாரும் அசைக்கவில்லை.

வேலை முடிந்ததும் மேலண்டையில் வந்து நின்ற தண்ணீரைத் தடுத்திருந்த கரையை உடைக்கச் சௌரிமுத்து ஓடினான். மற்றவர்கள் ஏறிவிட்டார்கள். அமிர்தகடேசன் மட்டும் பள்ளத்துக்குள் நின்றார். பூங்கோதை கடைசியாக நின்ற இடம் இப்போது அவர் தலைக்கு மேலே வெறும் காற்றாக இருந்தது.

கரையில் அம்மா வந்து நின்றார்.

"அம்மா" என்றார் கீழிருந்து. "அவ வந்து இறங்க இடமில்லாம பண்ணிட்டேனே. இனிமே நான் எங்க நிக்கிறது?"

தூரத்தில் ஆட்கள் கூவும் சத்தம் கேட்டது.

அம்மா குனிந்து கையை நீட்டினார்.

"முதல்ல மேல ஏறி வாங்க ஐயா. தண்ணி வருது."